அறிவிப்பாளர்: போர்ச் செய்தியும் தமிழோசையும்

கடலூர்ப் பட்டினத்தின் வரலாற்றில் 1783-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மறக்கவொண்ணாதது. ஜெனரல் ஸ்டூவர்ட்டின் தலைமையில் ஆங்கிலேயப் படை நகரை முற்றுகையிட்டிருந்தது. நகருக்குள் புஸ்ஸியின் தலைமையில் பிரெஞ்சுப் படையும், அதற்குத் துணையாக மைசூர்ப் படையின் ஒரு பகுதியும் இருந்தன. ஜூன் 13-ஆம் நாள் தரையிலே கடும்போர் நடந்தது. 20-ஆம் நாள் சஃப்ரனின் பிரெஞ்சுக் கப்பல்களும் ஹியூஸின் ஆங்கிலக் கப்பல்களும் கடலிலே மோதின. 25-ஆம் நாள் முற்றுகையை உடைக்க வெளிப்போந்த பிரெஞ்சுப் படையினர் முறியடிக்கப்பட்டனர். இரு பக்கத்திலும் வீழ்ந்தவர்கள் பல நூற்றுவர். அவர்களிலே நம் நாட்டுச் சிப்பாய்களும் இருந்தனர்.

இத்தனை உயிரும் வீணே போயின என்பதுதான் இதிலுள்ள துயரம். அவ்விரு அரசுகளும் அவ்வாண்டு ஜனவரி 20-ஆம் நாளன்றே ஐரோப்பாவில் சமாதான முன்னுடன்படிக்கையில் கையெழுத்திட்டுவிட்டன. அச்செய்தி கப்பலேறிக் கடலூர் வந்து சேர்ந்தபோது ஜூன் மாதம் முடியும் தறுவாயில் இருந்தது. ஓய்ந்துவிட்ட பகையின் பேரால் ஐந்து மாதம் கழித்து மனிதர் மடிந்தனர். செய்தி தாமதித்தால் என்ன நேரும் என்பதற்கு நம் ஊர்க் கடற்கரை மணலே சாட்சி.

பின்னர் தந்தி வந்தது, வானொலி வந்தது, தாமதம் நீங்கிற்று. எனினும் தாமதம் நீங்கியதனால் உண்மை தானாக வந்து சேர்ந்துவிடவில்லை. மெல்ல வந்த உண்மை உயிரைக் குடித்தது போலவே, விரைந்து வரும் பொய்யும் உயிரைக் குடிக்க வல்லது. ஆகவே, போரைப் பற்றியும் அரசுகளின் பேச்சுவார்த்தையைப் பற்றியும் வானொலியில் செய்தி தரும் ஒருவரை எதைக் கொண்டு மதிப்பிடுவது என்ற கேள்வி எழுகின்றது. கதைக்கும் கவிதைக்கும் மதிப்புரை எழுதும் நாம், ஒவ்வோர் இரவும் நம் வீடுகளில் ஒலித்த வானொலிச் செய்திக்கு மதிப்புரை எழுத முற்பட்டதில்லை. அக்குறையைச் சிறிதளவேனும் போக்கும் முயற்சியே இக்கட்டுரை. நாம் எடுத்துக்கொண்டிருப்பது பி.பி.சி.யின் தமிழோசையை.

லண்டனிலிருந்து ஒரு குரல்

தமிழோசை நம் நேரப்படி இரவு 9.15-க்குத் தொடங்கும், அரை மணி நேரம் நடைபெறும். பரங்கிப்பேட்டையிலும் லால்பேட்டையிலும், கடலூர் முதுநகரிலும், சிதம்பரத்தின் வீதிகளிலும் இஷா தொழுதுவிட்டு, உணவை முடித்துக்கொண்டு திண்ணைக்கு வருபவர்களுக்கு அது பொருத்தமான வேளை. சிற்றலை ஆகையால் குரல் அருகில் வரும். பிறகு விலகிச் செல்லும். இடையே கடலிரைச்சல் போன்றதோர் ஓசை புகுந்துகொள்ளும். முள்ளை மயிரிழை நகர்த்திக் குரலைப் பிடித்துத் தரும் கைத்திறம் உடையவர் வீட்டுக்கு ஒருவர் இருப்பார். சபராளிகளின் வீடுகளில் அந்த அரை மணி நேரம் குழந்தைகள் பேசக்கூடாது என்பது எழுதப்படாத சட்டம்.

இக்குரலின் பிறப்பை நாம் மறந்துவிடலாகாது. 1941-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள், இரண்டாம் உலகப் போரின் நடுவே, தமிழர்களின் செவியைத் தன்பால் ஈர்க்க விரும்பிய பிரிட்டன் இவ்வொலிபரப்பைத் தொடங்கிற்று. அடுத்த ஆண்டிலேயே நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் ஆசாத் ஹிந்த் வானொலி ஜெர்மனியிலிருந்து ஒலித்தது. அதுவும் தமிழில் பேசியது. போர் புரியும் இரு பக்கத்தாரும் தமிழைத் தேடி வந்த காலம் அது. ஆகவே தமிழோசை பிறக்கும்போது நடுநிலையான குழந்தையாகப் பிறக்கவில்லை. நடுநிலையை அது பின்னாளில் முயன்று கற்றுக்கொண்டது. கற்றுக்கொண்டது எந்த அளவுக்கு என்பதே நாம் ஆராய வேண்டுவது.

நம் மக்கள் அதை நம்பியதற்குக் காரணம் லண்டன் மீதிருந்த மயக்கம் மட்டுமன்று. நம் நாட்டு வானொலி அரசின் கையில் இருந்தது. 1984 அக்டோபர் 31-ஆம் நாள் இந்திரா காந்தி அம்மையார் சுடப்பட்டு உயிர் நீத்த செய்தியை நம் வானொலி மாலையில் அறிவிப்பதற்குப் பல மணி நேரம் முன்னதாகவே பி.பி.சி. சொல்லிவிட்டது. வங்காளத்தில் சுற்றுப்பயணத்தில் இருந்த அவர் மகன் ராஜீவ் காந்தியே உண்மையறிய அந்த வானொலியைத்தான் நாடினார் என்பது நாடறிந்த செய்தி. ஒரு நாட்டின் தலைமகனே வெளிநாட்டு வானொலியின் முள்ளைத் திருப்ப வேண்டியிருந்த நிலையில், திண்ணையில் இருந்த நாம் அதைத் திருப்பியதில் வியப்பில்லை.

ஒரு சொல்லுக்கு இரு பொருள்

தமிழகத்தில் 'அறிவிப்பாளர்' என்றவுடன் பலருக்கும் இலங்கை வானொலியும் பி.எச். அப்துல் ஹமீத் அவர்களின் குரலும் நினைவுக்கு வரும். நம் சமுதாயத்திலோ அச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. நபிமொழியை ஒருவரிடமிருந்து கேட்டு மற்றொருவருக்குச் சொன்னவரை நாம் அறிவிப்பாளர் என்கிறோம். இமாம் புகாரி போன்ற பெருமக்கள் ஒரு மொழியை ஏற்குமுன் அதன் கருத்து அழகாக இருக்கின்றதா என்று மட்டும் பார்த்துவிட்டு நிற்கவில்லை. அதைச் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், கேட்டவரும் சொன்னவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்களா, சந்திக்கக் கூடியவர்களா, நினைவாற்றலும் நேர்மையும் உடையவர்களா என்றெல்லாம் ஆராய்ந்தனர். அறிவிப்பாளர் வரிசையாகிய இஸ்னாதில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் அதை மறைக்காமல் எழுதி வைத்தனர். செய்தி கொண்டுவருபவரை ஆராய்ந்து கொள்ளுமாறு ஸூரத்துல் ஹுஜுராத் கற்பித்த ஒழுங்கிலிருந்து வளர்ந்த கலை அது.

இந்த அளவுகோலை வானொலிக்கு நீட்டுவது பொருந்துமா என்று சிலர் கேட்கலாம். நபிமொழியின் புனிதத்தை நாம் செய்திக்கு ஏற்றவில்லை. ஆராயும் முறையை மட்டுமே எடுத்துக்கொள்கிறோம். போர்க்களத்துக்கு வெகு தொலைவில், திண்ணையில் அமர்ந்து கேட்பவனுக்கு நிகழ்ச்சியைச் சரிபார்க்க வேறு வழியே இல்லை. சொல்பவர் எங்கே நின்று சொல்கிறார், கண்டதைச் சொல்கிறாரா, கேட்டதைச் சொல்கிறாரா, யாரிடம் கேட்டார் என்பவை தெரிந்தால்தான் அவன் தன் மனத்தில் அச்செய்தியை எடைபோட முடியும்.

தமிழ் மொழியே இந்த ஒழுங்கைத் தன் இலக்கணத்தில் வைத்திருக்கின்றது. 'குண்டு விழுந்தது' என்று சொன்னால் சொல்பவர் பொறுப்பேற்கிறார். 'குண்டு விழுந்ததாம்' என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்லும்போது, 'நான் காணவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன்' என்ற எச்சரிக்கையும் அந்த ஓர் 'ஆம்' விகுதியில் அடங்கிவிடுகின்றது. செய்தித் தமிழோ இந்த விகுதியைப் பேச்சுவழக்கு என்று தள்ளிவிட்டு, 'கூறப்படுகிறது', 'நம்பப்படுகிறது' என்ற சொற்களை அவ்விடத்தில் வைத்தது. கூறியவர் யார், நம்புபவர் யார் என்பது அவற்றில் இல்லை. உம்மாவின் 'ஆம்' தன் அறியாமையை ஒப்புக்கொள்கின்றது. 'கூறப்படுகிறது' என்பதோ அறிந்தவரின் தோரணையோடு அதை மூடிவிடுகின்றது.

தமிழோசையின் சிறப்பை நாம் இங்கேதான் காண்கிறோம். 'இராணுவப் பேச்சாளர் சொல்கிறார்', 'விடுதலைப் புலிகள் இதை மறுத்திருக்கிறார்கள்', 'சுயாதீனமாக உறுதிசெய்ய முடியவில்லை' என்று சொன்னவரைச் சொல்லோடு சேர்த்துத் தரும் பழக்கத்தை அது நமக்கு ஏற்படுத்தியது. 'பயங்கரவாதி' என்ற சொல்லைத் தன் வாயால் மொழியாமல், மொழிந்தவரின் வாயிலேயே விட்டுவைப்பது பி.பி.சி.யின் ஆசிரியக் கொள்கை. இதனால் இரு பக்கத்தாரின் ஏச்சும் அதற்குக் கிடைத்தது. ஆனால் கேட்பவனின் நிறுவையில் எடைக்கல்லை வைக்காமல் பொருளை மட்டும் வைத்தது என்ற அளவில் அது பாராட்டுக்குரியது.

கண்ணி அறுக்கப்பட்டபோது

வெளிநாட்டுச் செய்தியாளர் என்றால் விமானத்தில் வந்திறங்கி, சில நாள் தங்கி, பெட்டியோடு திரும்பிப் போகிறவர் என்று எண்ணுகிறோம். தமிழோசைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி தந்த மயில்வாகனம் நிமலராஜன் அத்தகையவர் அல்லர். வானொலி நிலையம் லண்டனில். கேட்கும் நாம் கடலூரில். அவரோ போர் நடக்கும் ஊரிலேயே வாழ்ந்தவர். திரும்பிப் போக அவருக்கு வேறு ஊர் இல்லை. பி.பி.சி.யின் சிங்கள ஒலிபரப்பாகிய சந்தேசயவுக்கும், 'வீரகேசரி', 'ராவய' ஆகிய ஏடுகளுக்கும் அவர் செய்தி அளித்தார். யாழ்ப்பாணத்தின் நிலையைத் தமிழருக்கும் சிங்களவருக்கும் ஒருங்கே சொன்னவர் என்பது நாம் ஊன்றி நோக்கத்தக்கது. பகைத்து நிற்கும் இரு இனத்தாருக்கும் ஒரே செய்தியைச் சொல்பவர், ஒருவருக்கு இனிக்கும்படி அதைத் திரிக்க இயலாது.

2000-ஆம் ஆண்டு அக்டோபரில் நடந்த பொதுத்தேர்தலின் முறைகேடுகளைப் பற்றியும் அவர் செய்தி அளித்திருந்தார். அம்மாதம் 19-ஆம் நாள் இரவு, ஊரடங்கு நடைமுறையில் இருந்த வேளையில், படையினரின் காவல் மிகுந்த பகுதியில் அமைந்த தம் வீட்டிலேயே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையாளிகள் கைக்குண்டும் வீசிச் சென்றனர், வீட்டிலிருந்தோரும் காயமுற்றனர். இருபது ஆண்டுகள் கழிந்த பின்னும் அக்கொலைக்கு ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அறிவிப்பாளர் வரிசையின் முதற்கண்ணி எப்போதும் களத்தில் நிற்பவரே. அவர் அறுபட்டால் லண்டனில் எத்தனை ஆசிரியர்கள் இருந்தும் பயனில்லை.

2009-இல் இதை இன்னும் கொடுமையாகக் கண்டோம். வன்னியில் இறுதிப்போர் நடந்தபோது சுதந்திரமான செய்தியாளர் எவரும் களத்துக்குச் செல்ல விடப்படவில்லை. அங்கே மருத்துவமனைகளில் பணியாற்றிய அரசு மருத்துவர்கள் வரதராஜா, சத்தியமூர்த்தி, சண்முகராஜா முதலியோர் பி.பி.சி. உள்ளிட்ட வெளிநாட்டு ஊடகங்களுக்குத் தொலைபேசியில் பேசினர். காயமுற்றோர் எத்தனை பேர், மருந்து எவ்வளவு இருக்கிறது என்று அவர்கள் சொன்னதே உலகின் காதுக்கு எட்டிய நேரடிச் சாட்சியம். போர் மே மாதம் முடிந்தது. மருத்துவர்கள் காவலில் வைக்கப்பட்டனர். ஜூலையில் கொழும்பில் செய்தியாளர் முன் நிறுத்தப்பட்டு, முன்பு தாம் சொன்ன எண்ணிக்கைகள் மிகைப்பட்டவை என்று சொல்லினர். காவலில் இருப்பவர் தம் சாட்சியத்தைத் திரும்பப் பெற்றால் அதை எவ்வாறு எடைபோடுவது என்று நம் அறிஞர் எவரைக் கேட்டாலும் விடை கிடைக்கும். அவர்களுள் வரதராஜா, பின்னாளில் நாட்டை விட்டு வெளியேறியபின், தம் முதற்சாட்சியத்தையே உறுதிப்படுத்தினார்.

இதே 2009-இல், பிப்ரவரி மாதம், பி.பி.சி. மற்றொன்றும் செய்தது. தன் தமிழ், சிங்களச் செய்திகளை இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் இடையிடையே வெட்டிவிடுகின்றது என்று கண்டு, அதன் வழியாகச் செய்தி தருவதையே நிறுத்திக்கொண்டது. 2013 மார்ச்சிலும் அதே காரணத்துக்காக மீண்டும் நிறுத்த நேர்ந்தது. கேட்போர் தொகை குறையும் என்று தெரிந்தும், குறைபட்ட செய்தியை முழுச் செய்தி என்று கேட்போர் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகச் செய்த செயல் அது. அறுந்த வரிசையை அறுந்தது என்று அறிவிப்பதும் அறிவிப்பாளரின் கடமையே.

பி.பி.சி. இவ்வொழுங்கில் தவறியதே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். பிரிட்டனே ஈராக் மீது போர் தொடுத்தபின், 2003 மே 29-ஆம் நாள் அதிகாலை, அதன் உள்நாட்டு வானொலியில் ஆண்ட்ரூ கில்லிகன் என்ற செய்தியாளர், ஈராக்கின் ஆயுதங்களைப் பற்றிய அரசின் ஆவணம் மிகைப்படுத்தப்பட்டது என்றார். ஒரு பெரிய போரின் அடிப்படையையே அசைக்கும் குற்றச்சாட்டு அது. ஆனால் அதன் பின்னே நின்றவர் பெயர் சொல்லப்படாத ஒரே ஒருவர். அவர் சொன்னதற்கும் மேலாகச் செய்தியாளர் தம் ஊகத்தையும் கலந்துவிட்டார். அந்த ஒருவராகிய ஆயுத நிபுணர் டேவிட் கெல்லி ஜூலையில் இறந்து கிடந்தார். 2004 ஜனவரியில் ஹட்டன் விசாரணை அறிக்கை பி.பி.சி.யைக் கடிந்துரைக்க, அதன் தலைவரும் தலைமை இயக்குநரும் பதவி துறந்தனர். ஈராக்கில் அத்தகைய ஆயுதக் குவியல் எதுவும் கிடைக்கவில்லை என்பதை உலகம் அறியும். செய்தியின் சாரம் பெரும்பாலும் சரியாக இருந்தும், அறிவிப்பாளர் வரிசை பலவீனமாக இருந்ததால், பொய்யுரைத்தவர்களைச் சாட வேண்டிய நாளில் உண்மையை நெருங்கியவர்கள் தலைகுனிய நேர்ந்தது.

பேசாதவர் யார்?

இதுவரை சொன்னவை சொல்பவரைப் பற்றியவை. அறிவிப்பாளர் வரிசை எத்தனை செம்மையாக இருந்தாலும் அது பிடிக்காத ஒரு குறை உண்டு. யாரிடம் கேட்டோம் என்று வரிசை சொல்லும்; யாரிடம் கேட்கவில்லை என்று அது சொல்லாது. இக்குறை நம் சமுதாயத்தை நேரடியாகத் தொட்டது.

இலங்கைப் போரின் செய்தியில் நாள்தோறும் ஒலித்த சொல் 'இருதரப்பினர்'. அரசுத் தரப்பு ஒன்று, புலிகள் தரப்பு ஒன்று. இருதரப்பையும் கேட்பதே நடுநிலை என்பது செய்தி உலகின் நம்பிக்கை. ஆனால் படையும் பேச்சாளரும் இல்லாத மக்கள் எத்தரப்பு? வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்த முஸ்லிம்கள் தமிழ் பேசியவர்கள். தமிழர் இயக்கத்தின் பேச்சாளர் அவர்களுக்காகப் பேசவில்லை. அவர்கள் இலங்கைக் குடிமக்கள். அரசின் பேச்சாளருக்கு அவர்கள் தேவைப்பட்டபோது மட்டும் நினைவுக்கு வந்தார்கள்.

2002 பிப்ரவரி 22-இல் நார்வேயின் முயற்சியால் போர்நிறுத்த உடன்பாடு ஏற்பட்டது. ஏப்ரல் 10-ஆம் நாள் கிளிநொச்சியில் பிரபாகரன் உலகச் செய்தியாளர்களைச் சந்தித்தார். ராஜீவ் காந்தி கொலையைப் பற்றிக் கேட்டபோது 'துன்பியல் சம்பவம்' என்ற சொற்றொடர் விடையாக வந்தது. துன்பியல் என்பது நாடகத்துக்குரிய சொல். செய்தவன் இல்லாமல், தானே நிகழ்ந்த ஒன்றைப்போல அது ஒலித்தது. அச்சொற்றொடரைத் தம் குரலில் மாற்றிச் சொல்லாமல், சொன்னவரின் வாய்மொழியாகவே செய்தியாளர்கள் தந்ததால் தமிழுலகம் முழுவதும் அதை எடைபோட முடிந்தது. அதே கூட்டத்தில் முஸ்லிம்களின் வெளியேற்றத்தைப் பற்றியும் கேள்வி எழுந்தது. ஆன்டன் பாலசிங்கம் வருத்தம் தெரிவித்து, அவர்கள் திரும்பி வரலாம் என்ற பொருளில் விடையளித்தார். மூன்று நாள் கழித்து ரவூஃப் ஹக்கீம் அவர்களும் பிரபாகரனும் மீள்குடியேற்றம் குறித்து உடன்பாடு கண்டனர். ஆயினும் செப்டம்பரில் தாய்லாந்தில் பேச்சுவார்த்தை தொடங்கியபோது முஸ்லிம்களுக்குத் தனி இருக்கை இல்லை; ஹக்கீம் அரசுக் குழுவின் உறுப்பினராகவே அமர்ந்தார். மேசையில் இடம் இல்லாதவர்க்குச் செய்தியிலும் இடம் சுருங்கிவிடுகின்றது. பேச்சுவார்த்தையைப் பற்றிய செய்தி, பேசுகிறவர்களைப் பற்றிய செய்தியாகவே முடிந்துவிடுவது இத்துறையின் பெருங்குறை. தமிழோசையும் இதற்கு விலக்கென்று நாம் கருதவில்லை.

இக்குற்றத்தை வானொலியின் தலையில் மட்டும் ஏற்றிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. 1990 ஆகஸ்ட் மாதத்தை எண்ணிப் பார்க்கிறோம். ஆகஸ்ட் 2-ஆம் நாள் ஈராக்கியப் படை குவைத்துக்குள் நுழைந்தது. பரங்கிப்பேட்டை, லால்பேட்டை வீடுகளில் அன்றிரவு வானொலியைச் சுற்றி நின்ற கூட்டம் நம் கண்ணில் இன்றும் நிற்கின்றது. மகனும் மச்சானும் மருமகனும் அங்கே இருந்தனர். தொலைபேசி இல்லை; கடிதம் இல்லை. வெளியுறவு அமைச்சர் ஐ.கே. குஜ்ரால் அம்மாதம் பாக்தாத் சென்றபோது சதாம் ஹுசைன் அவரைத் தழுவிக்கொண்டார். அத்தழுவல் உலகின் பல தலைநகரங்களில் கடுமையாகப் பழிக்கப்பட்டது. நம் வீடுகளிலோ, பிள்ளைகள் திரும்பி வர வழி பிறந்தது என்றே அதைக் கேட்டோம். பின்னர் 1,50,000-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் பெரும்பாலும் அம்மான் வழியாக விமானங்களில் நாடு திரும்பினர். ஒரே செய்தி கேட்கும் இடத்தைப் பொறுத்து வேறு செய்தியாகிவிடுகின்றது.

குவைத் வீழ்ந்த மறுநாள் ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை. மட்டக்களப்பை அடுத்த காத்தான்குடியில், இரண்டு பள்ளிவாசல்களில் இஷா தொழுகையில் நின்றவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. சிறுவர் உள்ளிட்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் தொழுகை விரிப்பிலேயே மாண்டனர். செய்தவர்கள் விடுதலைப் புலிகள் என்பது உயிர் தப்பியவர்களின் சாட்சியம். அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாண முஸ்லிம்களை ஜின்னா மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணி நேரத்தில் ஊரை விட்டு வெளியேறுமாறு புலிகள் கட்டளையிட்டனர். வட மாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர், தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த மண்ணை விட்டுச் சொற்பப் பணத்தோடு விரட்டப்பட்டனர்.

காத்தான்குடி நமக்கு அந்நிய நாடன்று. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1931-ஆம் ஆண்டு முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்த சுவாமி விபுலாநந்தர், முஸ்லிம் ஊர்கள் சூழ்ந்த காரைதீவில் பிறந்தவர். அது அதே கீழைக் கடற்கரை. அக்கரைக்கும் இக்கரைக்கும் ஒரே மொழி, ஒரே தொழுகை. இருந்தும் நாம் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். குவைத்துச் செய்தியை எந்தத் திண்ணையில், யார் அருகில் நின்று கேட்டோம் என்பது நமக்கு நினைவிருக்கின்றது. காத்தான்குடிச் செய்தியை எப்போது கேட்டோம் என்பது நினைவில் இல்லை. நம் பிள்ளைகள் இருந்த திசையிலேயே நம் முள் நின்றது. வானொலிக்கு இருதரப்பைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை என்று குறை சொல்லும் நாம், நம் செவிக்கும் அந்த வாரம் ஒரே தரப்புதான் இருந்தது என்பதை மறைக்கலாகாது. தமிழோசைக்கு எத்தனையோ நேயர் கடிதங்கள் இக்கரையிலிருந்து சென்றன. காத்தான்குடியிலிருந்து ஒரு குரலைக் கேட்கச் செய்யுங்கள் என்று நாம் ஒரு கடிதம் எழுதியதில்லை.

எஞ்சி நிற்பது

2017 ஏப்ரல் 30-ஆம் நாளுடன் தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு நிறைவுற்றது. எழுபத்தாறு ஆண்டுகள் ஒலித்த குரல் அது. அதன் ஒலிபரப்பாளர்களைப் பற்றிப் புகழுரை எழுதுவோர் குரலின் இனிமையையும் உச்சரிப்பின் செம்மையையும் சொல்வார்கள். அவை உண்மையே. நாம் அதனிடம் பெற்ற பெருஞ்செல்வம் வேறு: ஒரு செய்தியைச் சொன்னவரிடமிருந்து பிரிக்காமல் கேட்கும் பழக்கம். அதனிடம் நாம் கண்ட குறையையும் சொல்லிவிட்டோம்: பேச்சாளர் இல்லாதவர்களைத் தேடிச் செல்லும் பழக்கம் போதாமை.

இன்று நம் வீடுகளில் செய்தி கைப்பேசி வழியே வருகின்றது. காஸாவிலும் பிற இடங்களிலும் போர் மூண்டபோது, படங்களும் குரல்களும் நிமிடத்துக்கு நூறாக வந்து குவிந்தன. அவற்றில் பலவற்றுக்கு எடுத்தவர் யார், எடுத்த நாள் எது, எடுத்த ஊர் எது என்பது தெரியவில்லை. நமக்கு அனுப்பியவரின் பெயர் மட்டுமே தெரியும். அவருக்கு அனுப்பியவரை அவரே அறியார். நல்ல நோக்கத்தோடு தவறான படத்தை அனுப்பியவர்கள் நம்முள்ளும் உண்டு. அதைச் சுட்டிக்காட்டி, உண்மையான கொடுமையையே பொய்யென்று தள்ளியவர்களும் உண்டு. கில்லிகனின் கதையில் பி.பி.சி. கற்ற பாடத்தை நாம் ஒவ்வொருவரும் நம் வீட்டளவில் கற்க வேண்டிய காலம் இது.

நம் இல்லங்களில் முன்பெல்லாம் யாரேனும் ஒரு செய்தியோடு வாசலில் வந்து நின்றால், உள்ளிருந்து பெரியவர்கள் கேட்கும் முதற்கேள்வி, "யார் சொன்னது?" என்பதே. அக்கேள்வி மறுபடியும் நம் வீடுகளில் ஒலிக்க வேண்டும். கூடவே, நாம் 1990-இல் கேட்கத் தவறிய இரண்டாவது கேள்வியும் ஒலிக்க வேண்டும்: "இதில் பேசாதவர் யார்?" நம் பிள்ளைகளுக்கு இவ்விரண்டையும் கற்பித்துவிட்டால், நாளை எந்த நாட்டில் எந்தப் போர் நடந்தாலும், அக்கரையில் இருப்பவரின் குரலைத் தேடி அவர்கள் முள்ளைத் திருப்புவார்கள்.